அரவணைக்கும் சுவர்

ஜொனெல் ஹௌகனுக்கு அழிப்பதுதான் வேலை. கட்டடக் கலைஞர்கள் கண் எரிய வரைந்து அனுப்புவதையெல்லாம் அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு அழிப்பாள்.

ஓர் இசைக்கூடத்தைக் கட்டுவதற்கு முன்பே, அதில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று கம்ப்யூட்டரில் ஒலிக்கவைத்துச் சொல்வது மினியாபொலிஸில் அவள் அலுவலகத்தின் தொழில். அதற்குக் கூடத்தின் உருவம் முதலில் கம்ப்யூட்டருக்குள் போயாக வேண்டும். கட்டடக் கலைஞர் அனுப்பும் உருவத்தில் இல்லாத பொருள் கிடையாது. ஒவ்வொரு நாற்காலிக்கும் திருகாணி இருக்கும். கதவுக் கைப்பிடிக்கு வளைவு இருக்கும். ஒருமுறை கழிவறையில் காகிதச் சுருள்கூட மாட்டியிருந்தது. சத்தத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது பெரிய பரப்புகளைத்தான் மதிக்கும். சின்னதுகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நன்கொடை திரட்டுகிறவர்களும் அப்படித்தான். ஆகவே ஜொனெல் திருகாணிகளைத் துடைப்பாள், ஒரு வரிசை நாற்காலிகளை ஒரே பெட்டியாக்குவாள், சன்னல் சட்டங்களைத் தட்டையாக்குவாள். கடைசியில் மிஞ்சுவது குழந்தை அட்டையில் வெட்டி ஒட்டிய வீடு மாதிரி இருக்கும்.

அந்த அட்டை வீட்டில் ஊசி நுழைய இடமிருக்கக் கூடாது. மென்பொருள் மேடையிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒலிக்கதிர்களை ஏவும். அவை சுவரில் பட்டு, கூரையில் பட்டு, கேட்பவர் காதுக்கு வந்து சேரும். எங்காவது இரண்டு பலகை சேராமல் இடுக்கு இருந்தால் கதிர் அதன் வழியே வெளியே போய்விடும். வெளியே என்றால் தெரு இல்லை. ஒன்றுமே இல்லாத வெளி. போனது திரும்பாது. அப்போது திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று எழும்பி, இத்தனை கதிர்கள் தொலைந்துவிட்டன என்று முறையிடும்.

எத்தனை தொலைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று நாமே ஒரு வரம்பு வைக்கலாம். அலுவலகத்தில் எல்லோரும் அதைக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள். நாற்காலிப் பெட்டிகளுக்கு இடையில் எப்போதும் மயிரிழை இடுக்குகள் இருக்கும். அதையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்த மாதிரிதான். ஆஸ்லன் ஊர் இசைக்கூடத்து வேலையில் மஞ்சள் பெட்டி ஓயாமல் வந்து உயிரை எடுத்தபோது, பக்கத்து மேஜை டாரல் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

"வரம்பை உச்சியில தூக்கி வை தாயே. தொலைஞ்சது தொலைஞ்சதுதான். இருக்கிற கதிருக்கு வேலை குடு."

அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அவள் தூக்கி வைத்தாள். அப்புறம் என்பது அந்த அலுவலகத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை.

போன மாதம் அந்தக் கூடத்தை எல்லோருக்கும் ஒலிக்கவைத்துக் காட்டினார்கள். நிறுவனத்தின் தலைவர் ரோலண்ட் பிக்ஸ்பி. தங்கக் காது என்று தொழிலில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று விசாரித்தவர்கள் கடைசியில் அவரிடமே வந்து நின்றார்கள். எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் ஒரே ஒரு முறை கைதட்டி, கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்ப்பார். அந்தத் தலைச்சாய்ப்புக்கே தனியாகப் பில் போடலாம். பக்கத்தில் கட்டடக் கலைஞர் கார்வின் வேல், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தவர், அறைக்குள்ளும் கழுத்துத் துணியை அவிழ்க்காதவர். கூடத்தின் பின்புறம் முழுக்க உள்வளைந்து நிற்கும் செர்ரி மரச் சுவர் அவருடைய செல்லப்பிள்ளை. அதற்கு அரவணைப்பு என்று பெயர் சூட்டியிருந்தார். சுவர் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் திருத்துவார்.

பணம் கொடுப்பவர் ஆர்லிஸ் டோலஃப்சன். பால் கறக்கும் இயந்திரம் விற்ற குடும்பம். கணவர் போன பின்னும், லூத்தரன் தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறவர். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டப்படாத கூடத்தின் நடுவரிசையில் உட்கார்ந்து, கட்டப்படாத மேடையில் பாடிய குழுவைக் கேட்டார். கழற்றிவிட்டு, "மோசமில்லை" என்றார். ஆஸ்லனில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அங்கே திருமணமாகி அரை நூற்றாண்டு ஆனவர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் அதைத்தான் சொல்வார்கள்.

பிக்ஸ்பி உடனே எழுந்துவிட்டார். கூடம் என்பது கட்டடம் அல்ல, நுரையீரல் என்றார். இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டு, தானே பதிலும் சொன்னார்: பின்னாலிருக்கும் அந்த அரவணைப்பிலிருந்து. சுவர் சத்தத்தைத் தாயைப் போல வாங்கித் தாயைப் போலவே திருப்பித் தருகிறது. தன் காதால் அதைத் தொட முடிகிறது. கார்வின் வேல் கண் கலங்கினார். அந்தப் பேச்சு அப்படியே நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் ஏறியது.

இப்போது ஆஸ்லனில் அடுத்த கூட்டம். சுவருக்கு ஆர்லிஸ் கையெழுத்துப் போட்டால் தச்சர்கள் மரத்தை வளைக்கத் தொடங்குவார்கள். வளைத்த மரத்தை நிமிர்த்த முடியாது.

கூட்டத்துக்கு முதல்நாள் கார்வின் வேலுக்கு ஓர் ஆசை வந்தது. கதிர்கள் தன் சுவரில் பட்டுத் திரும்புவதை வண்ணப் படமாகப் போட்டுத் தர முடியுமா, அரவணைப்பை மக்கள் கண்ணாலும் பார்க்கட்டுமே என்று எழுதியிருந்தார். ஜொனெல் மதிய உணவை முடித்துவிட்டுப் படத்தைப் போட்டாள். மேடையிலிருந்து சிவப்புக் கதிர்கள் கிளம்பின. பின்சுவரை நோக்கிப் போயின. போய்க்கொண்டே இருந்தன.

அவள் உருவத்தைத் திருப்பி வெளியிலிருந்து பார்த்தாள். இது அந்தத் தொழிலில் பால பாடம். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைப் போல. குமிழியா வந்தது? கூடத்தின் முதுகிலிருந்து சிவப்புக் கதிர்கள் முள்ளம்பன்றியாகச் சிலிர்த்து நின்றன. பின்சுவரே இல்லை.

கார்வின் வேலின் அலுவலகத்திலிருந்து வந்த படத்தில் 'அலங்காரம்' என்று ஓர் அடுக்கு இருந்தது நினைவுக்கு வந்தது. பூந்தொட்டி, குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம் எல்லாம் அதில்தான். அங்கே வேலை பார்த்த எவனோ அரவணைப்பையும் அதே அடுக்கில் வரைந்து வைத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் ஒருவன்தான் அந்தச் சுவரைப் பற்றி உண்மையாக நினைத்தவன். அவள் அடுக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் முழுசாக அழித்திருந்தாள். வெளிப்பக்கத்துக் கான்கிரீட்டை வழக்கப்படி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. திரையில் வெறும் கோடுகளாகத் தெரிந்த உருவத்தில், மாடத்துக் கம்பிகளுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மஞ்சள் பெட்டிக்குத் தெரிந்திருக்கும். அதன் வாயைத்தான் அவள் கட்டியிருந்தாளே.

தெளிவு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. தாய் வாங்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. சத்தம் பின்பக்கமாக வெளியேறிவிட்டது, அவ்வளவுதான்.

சுவரைத் திரும்ப வைத்தாள். இடுக்குகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். கதிர்களை மறுபடி ஏவினாள். கேட்டாள். நடுவரிசையில் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு பாட்டு கேட்டது. ஹெட்போனைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டாள், மாறவில்லை. உள்வளைந்த சுவர் கிடைத்ததையெல்லாம் திரட்டி ஒரே இடத்தில் குவித்துக்கொண்டிருந்தது. குவிகிற இடம் எது என்று பார்த்தாள். மேடை. அதிலும் பாடகர் குழு நிற்கும் படிகள். மோசமானதையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று மேடையில் நிற்கிறவர் காதுக்கு எப்படிக் கேட்கும் என்பதையும் ஓட்டிப் பார்த்தாள். அவரவர் பாடிய சொல், அடுத்த சொல்லைத் தொடங்கும் நேரத்தில், யாரோ பின்னாலிருந்து பழித்துக்காட்டுவதைப் போல வந்து கன்னத்தில் அறைந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவன் லைலிடம் சொல்லவில்லை. லைல் முதுகு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கி வைத்திருந்தான். அவனுக்கு வேலை போய் வெகுநாளாகிவிட்டது. மருத்துவக் காப்பீடு அவள் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வேலை போனால் அதுவும் போகும். அவன் சாப்பாட்டு மேஜையில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவள் உருளைக்கிழங்கை மறுபடி மறுபடி பரிமாறினாள்.

காலையில் பிக்ஸ்பியின் காரில்தான் சொன்னாள். நெடுஞ்சாலை ஓரத்தில் பனி அழுக்காகக் குவிந்திருந்தது. அவர் கூட்டத்தில் பேசப்போவதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே மூச்சில் கொட்டி முடித்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது."

"நல்லது. பழைய பதிவையே போடு."

"ரோலண்ட், சுவரைக் கட்டிடுவாங்க."

"கட்டட்டும். எதிரொலி வந்தா வரட்டும். அப்புறம் நம்மளத்தான கூப்பிடுவாங்க? திரை போடச் சொல்லுவோம். உலகத்துல எந்தக் கூடம் முதல் நாளே சரியா இருந்திருக்கு?" பிறகு, கண்ணாடியைச் சரிசெய்வதைப் போல, "இதுல தப்பு செஞ்சது உன் கை. நான் அதை வெளிய சொல்ல வேண்டாம்னு பாக்கறேன். நீ என்னைச் சொல்ல வெச்சுடாத" என்றார்.

மீதி வழியெல்லாம் அவள் மடியில் லேப்டாப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் இரண்டு கூடங்கள் இருந்தன. எல்லோருக்கும் பிடித்தது ஒன்று, உண்மையானது ஒன்று.

தேவாலயத்தின் அடித்தளத்தில் மடக்கு மேஜைகள் போட்டிருந்தார்கள். காப்பி, காகிதக் கோப்பைகள், ஒரு தட்டு நிறைய எலுமிச்சை இனிப்புத் துண்டுகள். ஆஸ்லன்காரர்கள் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். கத்தியால் பாதியாக்கி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் மிச்சத்தைப் பாதியாக்குவார். கார்வின் வேல் பேசி முடிப்பதற்குள் கடைசித் துண்டு தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது. அவர் பேச்சில் மனிதன், மரம், கருவறை மூன்றும் வந்துபோயின. கூட்டத்துக்கு வந்திருந்த ஊர்ப் பெண்கள் விருந்தாளி மனம் நோகாத அளவுக்குத் தலையாட்டினார்கள். அடுத்து பிக்ஸ்பி எழுந்து, நுரையீரலில் தொடங்கித் தாயில் வந்து முடித்தார்.

ஜொனெல் பழைய பதிவைத் தயாராகத் திறந்து வைத்திருந்தாள். ஓர் அழுத்து அழுத்தினால் போதும். லைல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. கூடவே, பாடகர் குழுவின் படிகளில் குவியும் சிவப்புக் கதிர்களும் வந்தன.

ஆர்லிஸ் ஹெட்போனைக் கையில் வாங்கினார், மாட்டவில்லை. ஜொனெலைப் பார்த்தார்.

"இதையெல்லாம் பெட்டிக்குள்ள செஞ்சது நீதானேம்மா?"

"ஆமா, மிசஸ் டோலஃப்சன்."

"போன தடவை உட்கார்ந்து கேக்கறவங்களுக்கு எப்படின்னு போட்டுக் காட்டினீங்க. நான் உட்காரப் போறதில்ல. படியில நிக்கப் போறவ. அங்கேருந்து எப்படிக் கேக்கும்? அதைப் போடேன்."

பிக்ஸ்பி முந்திக்கொண்டார். அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும், நாள் பிடிக்கும், அது இன்னும் தயாராகவில்லை என்று அருமையாக விளக்கினார். விளக்கிக்கொண்டே மேஜைக்கடியில் ஜொனெலின் காலை மிதித்தார். பனிக்கால பூட்ஸ் என்பதால் வலிக்கவில்லை.

"இருக்கு" என்றாள் ஜொனெல்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேடைப் பதிவைத் திறந்து அழுத்தினாள்.

ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, தலையையும் சாய்க்கவில்லை. எதிரே காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தபடி கேட்டார். ஒரு கட்டத்தில், யாரோ தோளைத் தட்டியதைப் போல சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, கம்பியை ஒழுங்காகச் சுற்றி, மேஜைமேல் வைத்தார்.

"ம். வேற மாதிரி இருக்கு" என்றார்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்தினாள். ஆஸ்லனில் களஞ்சியம் எரிந்தாலும், மருமகன் சிறைக்குப் போனாலும், வேறு மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மற்ற ஊர்களில் அதற்குச் செருப்பைக் கழற்றுவார்கள். கார்வின் வேலுக்கு இதெல்லாம் தெரியாது. நெஞ்சில் கை வைத்து, "நன்றி. வேற மாதிரி இருக்கணும்னுதான் நான் ராப்பகலா பாடுபட்டேன்" என்றார்.

பிக்ஸ்பி இந்த மாநிலத்துக்காரர். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தானே ஹெட்போனை மாட்டிக் கேட்டார். தங்கக் காதில் என்ன விழுந்ததோ, "கருவியில கோளாறு. இடது பக்கக் கம்பி" என்றார்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு. சுவர்தான்" என்றாள் ஜொனெல். "போன மாசம் நீங்க கேட்டதுல பின்சுவரே இல்ல, மிசஸ் டோலஃப்சன். குப்பைக்கூடைய அழிக்கறப்ப அதையும் சேத்து அழிச்சிட்டேன். என் தப்பு. நேத்துதான் பார்த்தேன். சுவரோட சேத்துக் கேட்டா இப்படித்தான் இருக்கும்."

கார்வின் வேல் கழுத்துத் துணியைத் தளர்த்தினார். அவர் அப்படிச் செய்து பார்த்தவர்கள் குறைவு. அரவணைப்பு எந்தக் கூடையோடு இருந்தது என்று கேட்டார்.

"அப்ப எனக்குப் பிடிச்சது ஓட்டையா?" என்றார் ஆர்லிஸ்.

"ஆமா."

"தாய் மாதிரி வாங்கித் தாய் மாதிரி திருப்பித் தருதுன்னு இவர் சொன்னாரே, அதுவும் ஓட்டையத்தானா?"

காப்பி ஊற்றிய பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆர்லிஸ் யோசித்தார். "சரி. ஓட்டையவே கட்ட முடியுமா?"

இந்தத் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு திரையோ கம்பளமோ எவ்வளவு சத்தத்தை விழுங்கும் என்பதை, அது எத்தனை திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று அளந்துதான் தொடங்கினார்கள். திறந்த ஜன்னல் வழியே போன சத்தம் திரும்பாது. அதற்கு மேல் எதுவும் விழுங்க முடியாது. ஜொனெல் இதைத் திக்கித் திணறிச் சொன்னாள். வளைவை எடுத்துவிட்டுச் சுவரை நேராக்கி, முன்னால் கனமான பஞ்சு அடைத்துத் துணி போர்த்தினால், ஓட்டை செய்ததில் பெரும்பகுதியை அது செய்யும். நிஜமாகவே ஓட்டை வைத்தாலும் சரிதான்.

"ஜனவரிக் குளிர்ல ஓட்டை வேண்டாம்" என்றார் ஆர்லிஸ்.

கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார். அதுதான் தீர்ப்பு. கார்வின் வேல் பஞ்சு என்ற சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்த்தார். அவர் வாயில் அது தங்கவில்லை.

எல்லோரும் எழுந்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். ஜொனெல் மட்டும் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் அந்தத் தபால்தலைத் துண்டு. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். பாதியாக்காமல், முழுசாக. இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஆர்லிஸ் வெறும் தட்டை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டு, "மோசமில்லைல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதைக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிக்ஸ்பியின் காரில் திரும்பும் வழியில் ஜொனெல் லைலின் அறுவைச் சிகிச்சைத் தேதியை நினைத்தாள். வேலையை விட்டுத் தூக்கும் சொல் எந்த நேரத்திலும் வரும் என்று காத்திருந்தாள். ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் வந்தது.

"திறப்பு" என்றார் அவர்.

"என்ன?"

"கூடத்துக்குப் பின்னால ஒரு திறப்பு. கண்ணுக்குத் தெரியாத திறப்பு. நுரையீரல் மூச்ச உள்ள வாங்கினா மட்டும் போதுமா? வெளிய விட வேண்டாமா?" அவர் குரலில் ஒத்திகை மணம் மெல்ல ஏறியது. "நாம ரெண்டையும் போட்டுக் காட்டினோம். அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு. அது நம்ம முறை. புத்தகத்துல அப்படித்தான் போடணும். பிக்ஸ்பி திறப்பு." கொஞ்சம் தயங்கினார். "அதை மறுபடி செய்யணும்னா, உனக்கு எப்படின்னு தெரியும்தானே?"

வேலை போகவில்லை என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச தூரம் பிடித்தது. அழித்தது என்னவோ அவள்தான். இனி அது அவருடைய தத்துவம். தத்துவத்துக்கு ஆள் வேண்டும்.

"தெரியும்" என்றாள்.

அவர் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினார். அவள் லேப்டாப்பைத் திறந்து, அடுத்த வேலையான பள்ளிக்கூட உடற்பயிற்சி அரங்கை எடுத்தாள். தொலைந்த கதிர்களுக்கான வரம்பைத் தேடிப் பூஜ்யமாக்கினாள். கதிர்களை ஏவினாள்.

மஞ்சள் பெட்டி எழும்பியது. ஒரே ஒரு கதிர்.

ஒன்றுதானே என்று கை பழக்கத்தில் மூடப்போனது. அவள் கையை இழுத்துக்கொண்டு, அரங்கைத் திருப்பி வெளியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பிக்ஸ்பி நுரையீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கூடைப்பந்து வளையத்துக்குப் பின்னால், சுவர் மூலையில், சிவப்புக் கதிர் ஒன்று மயிரிழையாக நீட்டிக்கொண்டிருந்தது.